சாய மறுத்த குழந்தை

அரசு மருத்துவமனைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பல் மருத்துவர்களே, உங்கள் கையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கல்லூரியில் கையை நன்றாகவே பழக்கி அனுப்புகிறார்கள். எனக்குக் கவலை உங்கள் வலது காலைப் பற்றித்தான். நோயாளி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், பெயர் என்ன, எங்கே வலி என்று கேட்பதற்குள் அந்தக் கால் தானாகப் போய் மிதியை அழுத்திவிடும். நாற்காலி பின்னால் சாயும், விளக்கு வாய்க்கு நேராக வரும், வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு நாமும் குனிந்துவிடுவோம். ஓய்வு பெற்ற பிறகும் என் கால் அடங்கவில்லை. வீட்டுக்கு யாராவது வந்து சோபாவில் உட்கார்ந்தால் தரையில் மிதியைத் தேடுகிறது. என் கணவர் இதைச் சொல்லிச் சொல்லியே உறவுக்காரர்கள் எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறார்.

சிரிக்கட்டும். அந்தக் கால் என்ன செய்யக்கூடும் என்பதை எனக்குக் காட்டியது ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். பல் பிடுங்குவது எப்படி, கீறிவிடுவது எப்படி என்பதெல்லாம் இதில் இருக்காது. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அப்போது நான் நீடாமங்கலத்திலிருந்து சற்றுத் தள்ளியுள்ள ஒரு சிறிய அரசு மருத்துவமனையில் இருந்தேன். குறுவை அறுவடை நேரம். அறுவடை மெஷின்கள் சாலையை அடைத்துக்கொண்டு போகும். ஊர் ஆண்கள் பாதிப் பேர் நெல்லைக் கொட்டிவைத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடப்பார்கள். மழை வந்தால் தார்ப்பாய் போட ஆள் வேண்டும் என்பதால் அந்த இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். அந்த நாட்களில் பல் வலியை யாரும் பொருட்படுத்துவதில்லை. என் அறை வாசலில் கூட்டம் இருக்காது.

அப்படி ஓய்வாக இருந்த ஒரு காலை நேரத்தில் சுமதி தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையின் பெயர் யாழினி. வலது கன்னத்திலிருந்து தாடைக்குக் கீழ் வரை மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, அது காய்ந்து வெடித்திருந்தது. கவுனின் கழுத்தோரம் ஒரு வேப்பங்கொத்து செருகியிருந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு தங்கச் சங்கிலி. குழந்தையின் சங்கிலி இல்லை, பெரியவர்கள் போடுவது. மூன்று சுற்றாகச் சுற்றிக் கொக்கி மாட்டியிருந்தார்கள்.

பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும். கன்னம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி. பொன்னைக் கழுத்தில் போட்டால் வீக்கம் வடியும். அதுவும் ஒரு வகை அம்மைதான் என்பதால் அம்மைக்குரிய கட்டுப்பாடுகள் அத்தனையும் உண்டு. குழந்தையை வெளியே கொண்டுபோகக் கூடாது, மருந்து கூடாது, ஊசி கூடவே கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வீட்டு வாசல் நிலையில் வேப்பிலை தொங்கும்.

நான் இதைக் கேலி செய்கிற கட்சி இல்லை. தரங்கம்பாடியில் லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவள் நான். எனக்குக் கன்னம் வீங்கியபோது என் அம்மா எங்கள் சபைப் போதகரான ஐயரை வரவழைத்து ஜெபம் செய்யச் சொன்னார். அவர் ஜெபித்துவிட்டுப் படியிறங்கியதும் தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். வீக்கம் வடிந்தது. எது வேலை செய்தது என்று எங்கள் வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை.

சுமதி கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சின்னக் குரலில் பேசினாள்.

“டாக்டரம்மா, நாங்க இங்க வந்தது வீட்டுக்குத் தெரியாது. மாரியம்மன் கோயில்ல தீர்த்தம் வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டு ஆட்டோவ இங்க திருப்பச் சொன்னேன். அம்மை பாத்திருக்கு. ஆனா அதுக்கு முன்னாடியே இவ பல்லு வலிக்குது பல்லு வலிக்குதுன்னு அழுதுட்டுத்தான் இருந்தா. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தேன். பல்லு வலிக்கு மட்டும் எதாச்சும் குடுத்துடுங்க. ஊசி மட்டும் வேண்டாம்.”

“சரிம்மா, உக்கார வைங்க” என்றேன். யாழினி நாற்காலியில் உட்கார்ந்தாள். என் கால் மிதிக்குப் போயிற்று.

நாற்காலி கொஞ்சம்தான் சாய்ந்திருக்கும். குழந்தை இரண்டு கைகளாலும் நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு விருட்டென்று எழுந்து முன்னால் குனிந்துகொண்டது. அழவில்லை, கத்தவில்லை. பல் மருத்துவரைப் பார்த்துப் பயப்படுகிற குழந்தைகளை நான் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், கையைத் தட்டிவிடுவார்கள், அம்மாவிடம் தாவுவார்கள். இவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் கவனமெல்லாம் தன் மூச்சில் இருந்தது. நான் காலை எடுத்தேன்.

எடுத்த பிறகுதான் மற்றவை கண்ணில் பட்டன. முகவாயை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயோரத்தில் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. சுமதி தோளில் கிடந்த துண்டால் துடைத்துத் துடைத்து அந்தத் துண்டே நனைந்திருந்தது.

“எச்சிலை முழுங்க மாட்டேங்குதா?”

“ஒரே அடம் டாக்டரம்மா. தண்ணிகூட வேண்டாங்குது. ராத்திரியெல்லாம் எந்தோள்லயே உக்காந்து தூங்கிச்சு. படுக்க வச்சா எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்குது.”

“பாப்பா, உன் பேரு என்ன?”

யாழினி சொன்னாள். சூடான எதையோ வாயில் அடக்கி வைத்துக்கொண்டு பேசுவதுபோல வந்தது குரல். வாயைத் திறக்கச் சொன்னேன். என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. அந்த இடைவெளியில் வந்த வாடையை நான் இங்கே விவரிக்கவில்லை. உங்களில் சிலருக்கு அது ஏற்கெனவே தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வரும். வந்த பிறகு மறக்காது.

தாடைக்குக் கீழே விரலை வைத்தேன். பொன்னுக்கு வீங்கி காதுக்கு முன்னால் பொதபொதவென்று வீங்கி, காது மடலைத் தூக்கிக் காட்டும். இவளுக்குக் காது மடல் இருந்த இடத்தில் இருந்தது. வீக்கம் முழுக்கத் தாடைக்கு அடியில், முகவாய் வரைக்கும், பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. பூச்சுக்கு அடியில் தோல் கொதித்தது.

கீழ்க்கடைவாய்ப் பால் பல் ஒன்று சொத்தையாகி, அதன் சீழ் நாக்குக்கு அடியில் இறங்கி, அங்கிருந்து கழுத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நாக்கு மேலே எழும்பி மூச்சு வழியை அடைக்கத் தொடங்கியிருக்கிறது. உட்கார்ந்திருந்தால் நாக்கு முன்னால் விழுந்து கொஞ்சம் வழி கிடைக்கும். படுத்தால் அதுவும் போய்விடும். அந்தக் குழந்தைக்கு இது யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருந்தது.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இது எவ்வளவு வேகமாக இறங்குகிறது? இரண்டு நாள் இருக்கிறதா, இரண்டு மணி நேரம் இருக்கிறதா? இதற்குப் படம் எடுத்துப் பார்க்க எங்களிடம் வசதி இல்லை. அப்போதுதான் என் கண் மறுபடி அந்தச் சங்கிலிக்குப் போயிற்று.

“இதப் போடறப்ப எப்படி இருந்துச்சும்மா?”

“லூசாத்தான் போட்டேன். என் கை பூராவும் உள்ள போச்சு.”

“நேத்து?”

“நேத்து சாயங்காலம் வெளக்கு வச்சப்புறம் சரி பண்ணிவிட்டேன். ரெண்டு வெரல் போச்சு.”

“இப்ப விட்டுப் பாருங்க.”

சுமதி ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு குனிந்தாள். விரல் நுழையவில்லை. சங்கிலி தோலில் பதிந்து கிடந்தது. அவள் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. நான் ஒன்றும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நம் தொழிலின் பெரிய சபலம் வந்து நிற்கும். காரணம் பல் என்று தெரிகிறது. பிடுங்கினால் சீழ் வெளியேறும், சீழ் வெளியேறினால் குழந்தை பிழைக்கும். குறடு எட்டும் தூரத்தில் இருக்கிறது. நாம் பல் மருத்துவர்கள், இதற்குத்தானே படித்தோம் என்று தோன்றும். தோன்றட்டும், கையை மட்டும் கட்டிப்போடுங்கள். வாய் திறக்காத குழந்தையின் பல்லைப் பிடுங்க வேண்டுமானால் அவளைச் சாய்க்க வேண்டும், நாலு பேர் அமுக்க வேண்டும், அவள் கதறுவாள். கதறும்போது அந்த மிச்ச வழியும் அடைத்துக்கொண்டால், தொண்டைக்குள் குழாய் போட்டு மூச்சைக் காப்பாற்றக் கூடிய ஆள் அன்று எங்கள் மருத்துவமனையில் கிடையாது. மயக்க மருத்துவர் எங்களிடம் குறிப்பிட்ட கிழமைகளில்தான் வருவார்.

தஞ்சாவூர் பெரிய மருத்துவமனைக்குப் போன் போட்டேன். மயக்கவியல் பிரிவில் ஒரு பெண் மருத்துவர் எடுத்தார். நான் சொல்லி முடித்ததும் நிதானமாகச் சொன்னார்.

“படுக்க வைக்காதீங்க. அழ வைக்காதீங்க. கூட்டிட்டு வந்துடுங்க.”

“ஆன்டிபயாடிக் போட்டு அனுப்பலாம்னு பார்த்தேன். ஊசி குத்தினா அழுவா.”

“குழந்தை அமைதியா இருந்தா ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணுங்க. அழ ஆரம்பிச்சா விட்டுடுங்க, இங்க பாத்துக்கலாம். நான் ஆபரேஷன் தியேட்டர் வாசல்லயே இருப்பேன்.”

அவர் பெயரை நான் கேட்கவில்லை. என்னைவிட வயதில் மிகச் சிறியவர் என்பது குரலிலேயே தெரிந்தது. அன்று முழுவதும் நான் அவர் முதலில் சொன்ன அந்த மூன்று வாக்கியங்களைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினால் வாசலில் ஒரு ஆள் நிற்கிறார். தலையிலும் சட்டையிலும் நெல் தூசு. கொள்முதல் நிலையத்திலிருந்து நேராக வந்திருக்கிறார். சுமதியுடைய கணவரின் அண்ணன். யாழினிக்குப் பெரியப்பா. தம்பி குவைத்தில் இருப்பதால் அந்த வீட்டில் நல்லது கெட்டதுக்கு இவர் சொல்வதுதான். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குள் திரும்பியதை யாரோ பார்த்துப் போன் செய்துவிட்டார்கள்.

“கோயிலுக்குப் போறேன்னுட்டு எங்க வந்து நிக்கற நீ? அம்மை பாத்த புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வருவாங்களா? எந்திரி, வீட்டுக்குப் போவோம்.”

“மாமா, புள்ளையோட கழுத்தப் பாருங்க மாமா” என்றாள் சுமதி.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்னுடன் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், என் கோபம் அந்த மருத்துவமனையில் பிரசித்தம். மருந்துக் கிடங்கு ஆட்கள்கூட என் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார்கள். அந்த ஆளை வெளியே போகச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். யாழினி அவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு சத்தம் போட்டால் அழுதுவிடுவாள். அழ வைக்காதீங்க என்ற குரல் காதில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“அண்ணே, கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். ஏன் ஆஸ்பத்திரி வேண்டாங்கறீங்க?”

அவர் குரல் தானாகவே இறங்கியது.

“எங்க தங்கச்சி ஒருத்தி இருந்தாம்மா. இவ வயசுதான் இருக்கும். அம்மை பாத்திருந்தப்ப எங்கப்பாரு மனசு கேக்காம ஊசி போடத் தூக்கிட்டுப் போனாரு. திரும்பி வரல அவ. எங்க ஆத்தா சாவற மட்டும் அதச் சொல்லியே அழுதுச்சு. தம்பி புள்ளைய என்னை நம்பி விட்டுட்டுப் போயிருக்கான். நான் எப்படிம்மா ஊசி போடச் சொல்லுவேன்?”

என் கோபம் அப்படியே வடிந்துபோயிற்று. அந்தத் தங்கை எதனால் இறந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஆள் குழந்தைமீது அக்கறை இல்லாமல் வந்து நிற்கவில்லை. என்னைப் போலவே பயந்துபோய்த்தான் நின்றார். எதிரே நின்று கத்துகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருப்பார்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நிறைய வருடங்கள் ஆயின, நீங்கள் சீக்கிரமே தெரிந்துகொள்ளுங்கள்.

“எனக்கும் சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு அண்ணே. எங்கம்மாவும் செயின் போட்டாங்க. அதுல ஒண்ணும் தப்பில்ல. இப்ப நான் சொல்றத மட்டும் செய்ங்க. அவ தாடைக்கு அடியில கை வச்சுப் பாருங்க. அப்புறம் அவ வாய்க்கிட்ட குனிஞ்சு மோந்து பாருங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க.”

அவர் தயங்கித் தயங்கி மண்டி போட்டார். “பெரியப்பாதாம்மா” என்று சொல்லிக்கொண்டே புறங்கையால் தாடைக்கு அடியில் தொட்டார். பிறகு விரலால் அமுக்கினார். குனிந்து மோந்து பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வைக்கப்போருக்குள்ள எலி செத்துக் கெடந்தாப்ல இருக்கு.”

“அம்மைக்கு வாய் இப்படி நாறாதுங்க.”

தாடையைத் தொட்ட விரலைப் பார்த்தார். “அப்ப இது அம்மை இல்லியா?”

இங்கே இல்லை என்று அடித்துச் சொல்லத்தான் எனக்கு ஆசை. சொல்லியிருந்தால் வாதம் தொடங்கியிருக்கும். வாதத்துக்கு நேரம் இல்லை.

“அம்மையும் இருந்தா இருந்துட்டுப் போகட்டும் அண்ணே. தலைக்குத் தண்ணி ஊத்தறப்ப ஊத்திக்கலாம். இது பல்லுலேந்து வந்த சீழு. மூச்சுக்குழல அடைச்சுட்டு இருக்கு. ஒரே ஒரு ஊசி, அதுவும் அவ அழாம இருந்தாத்தான். அப்புறம் தஞ்சாவூர். நானும் கூட வரேன்.”

அவர் சுமதியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். “சரிம்மா, போவோம்” என்றார்.

ஊசிக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். குவைத்தில் இருக்கும் தம்பிக்கு வீடியோ கால் போட்டார். வேலை நேரம். தலையில் ஹெல்மெட்டோடு ஒரு இளைஞர் திரையில் வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. மகளைப் பார்த்ததும் சிரித்தார்.

“என்னடா குட்டி, அம்மா செயினைத் திருடிப் போட்டுக்கிட்டியா?”

யாழினி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் சுமதியின் மடிக்குக் கீழே உட்கார்ந்து, குழந்தையின் கையை ஒரு துணிக்கு அடியில் பிடித்து, முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிட்டார். யாழினி முகத்தைச் சுளித்தாள், அழவில்லை. மருந்து ஏறியது. பெரியப்பா மாரியாத்தா மாரியாத்தா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் எனக்குத் தெரிந்த விதத்தில் மனதுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சர் தயாராக இருந்தது. உதவியாளர் நல்ல பையன், படுக்க வைத்துப் பட்டை போடத்தான் அவனுக்குப் பழக்கம். நமக்குக் கால் என்றால் அவனுக்குக் கை. “வேண்டாம் தம்பி, அம்மா மடியில உக்கார்ந்தே வரட்டும்” என்றேன். ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டப் போனான், குழந்தை தலையை உதறியது. மாட்ட வேண்டாம், குழாயை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டால் போதும் என்றேன். அதைச் சுமதியே பிடித்துக்கொண்டாள். டிரைவரிடம் முடிந்தவரை சைரன் வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நீடாமங்கலம் வந்தோம். ரயில்வே கேட் சாத்தியிருந்தது.

இந்தப் பக்கத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நெல் ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்றை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பஸ், லாரி, டிராக்டர். டிரைவர் வண்டிகளை ஒதுக்கச் சொல்லி ஆம்புலன்ஸை கேட் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அதற்கு மேல் யார் என்ன செய்ய முடியும்? சாலையை மறித்துக்கொண்டு அந்தக் கூட்ஸ் வண்டியே நிற்கிறது.

யாழினியின் மூச்சில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை உள்ளே இழுக்கும்போதும் கீச்சென்று ஒரு மெல்லிய ஒலி. கழுத்துக் குழி உள்வாங்கியது. சுமதி என்னைப் பார்த்தாள். பெரியப்பா எழுந்துவிட்டார்.

“டாக்டரம்மா, புள்ளையக் குடுங்க. நான் தோள்ல போட்டுக்கிட்டு கூட்ஸ் வண்டிய சுத்திக்கிட்டு ஓடிடறேன். அந்தாண்ட எதாச்சும் வண்டி புடிச்சுக்கலாம்.”

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படி ஓடுவது ஏதோ செய்வதுபோல இருக்கும். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது ஒன்றுமே செய்யாததுபோல இருக்கும். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால், கேட் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்றுதான் ஊர் பேசும். அவரோடு ஓடினால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் கண்ணை மூடி யோசித்தேன். தோளில் போட்டால் கழுத்து மடங்கும். ஆக்ஸிஜன் இங்கேயே நின்றுவிடும். அம்மாவை விட்டுப் பிரித்தால் அழுவாள். அந்தப் பக்கம் வண்டி கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

“வேண்டாம் அண்ணே, உக்காருங்க. இப்ப அவளுக்கு இருக்கற ஒரே மருந்து அவ அழாம இருக்கறதுதான்.”

அவர் உட்கார்ந்தார். எனக்காகத்தான் உட்கார்ந்தார், நம்பிக்கையால் இல்லை.

இனி அந்தச் சங்கிலி கழுத்தில் இருக்கக் கூடாது. “செயினைக் கழட்டணும்மா” என்றேன். சுமதியின் கை கொக்கி வரைக்கும் போய் நின்றுவிட்டது. மாமாவைப் பார்த்தாள். அம்மைக்குப் போட்ட பொன்னை நடுவில் கழற்றக் கூடாது. போடச் சொன்னவரும் அவர்தான்.

பெரியப்பா முன்னால் நகர்ந்து, பின்னங்கழுத்து முடியை ஒதுக்கி, பதிந்து கிடந்த கொக்கியைத் தன் தடித்த நகத்தால் மெல்ல மெல்ல நெம்பினார். நெடுநேரம் ஆனதுபோல இருந்தது. கொக்கி விட்டது. சங்கிலியைச் சுற்றுச் சுற்றாக எடுத்தார். கழுத்தில் மூன்று சிவப்புக் கோடுகள்.

யாழினியின் முகம் கோணியது. “அம்மா செயினு” என்றாள் அந்த அடைத்த குரலில். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

பெரியப்பா அந்தச் சங்கிலியை அப்படியே அவள் மணிக்கட்டில் சுற்றி மாட்டினார்.

“பொன்னு கையில இருந்தாலும் பொன்னுதான் பாப்பா. ஆத்தாவுக்குத் தெரியாதா? இங்க பாரு, ரயில் பாரு. பெட்டி எண்ணுவோமா? வாயால எண்ணாத, வெரல்ல காட்டு. இதுல போறதெல்லாம் நம்ம நெல்லுதான்.”

குழந்தை கண்ணாடி வழியாக வெளியே பார்த்தது. ஒரு பெட்டி நகர்ந்தது, சங்கிலி சுற்றிய கையில் ஒரு விரலைத் தூக்கியது. அடுத்த பெட்டிக்கு இன்னொரு விரல். பத்து விரலும் முடிந்ததும் பெரியப்பா தன் கையைக் கொடுத்தார். மூச்சுச் சத்தம் இருந்தது, ஆனால் கூடவில்லை. நான் அதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார்ந்திருந்ததுதான் என் வேலைக் காலத்தில் நான் செய்த மிகக் கடினமான வேலை.

கேட் திறந்தது.

தஞ்சாவூரில் அந்த மயக்க மருத்துவர் சொன்னபடியே அறுவை அரங்கு வாசலில் நின்றிருந்தார். குள்ளமாக, கொண்டை போட்டு, கல்லூரி மாணவி மாதிரி இருந்தார். வந்தவுடன் கழுத்தைத் தொடவில்லை. தரையில் உட்கார்ந்து யாழினியின் முகத்தைக் கீழிருந்து பார்த்து, “அய், தங்கக் கையா?” என்றார். அம்மா மடியில் உட்கார்ந்தபடியே அவளை உள்ளே கொண்டுபோனார்கள். அப்படி உட்கார்ந்தபடியேதான் மயக்க வாயு கொடுத்துத் தூங்கவும் வைத்திருக்கிறார்கள். சுமதி மட்டும் குழந்தை இல்லாமல் வெளியே வந்தாள். சங்கிலியை வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம். அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

வெளியே நாங்கள் மூன்று பேர். பெரியப்பா போனை எடுத்தார், வைத்தார். தம்பியிடம் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

கதவு திறந்தபோது அந்த மருத்துவரின் தொப்பியெல்லாம் வியர்வை. “குழாய் உள்ள போயிடுச்சு மேடம். கஷ்டப்பட்டுத்தான் போச்சு. மூச்சு நல்லா இருக்கு. சீழு நிறைய வந்துச்சு” என்றார். சுமதி அங்கேயே தரையில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அறுவை சிகிச்சை செய்தவர் பிறகு ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே ஒரு பால் பல். நடுவில் கறுப்பாக ஒரு ஓட்டை.

பெரியப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதா? விழுவப்போற பல்லுதான, இதுக்கெதுக்கு டாக்டர்னு நான்தாம்மா சொன்னேன்.”

அவர் மட்டுமா சொல்கிறார்? இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். வெளிநோயாளிகள் வரிசை நீளமாக இருக்கும் நாட்களில் நம்மில் சிலரும் சொல்கிறோம். பால் பல் விழப்போகிறது என்பது உண்மை. ஆனால் அது விழுகிற வரைக்கும் அதன் வேர் குழந்தையின் தாடைக்குள்தான் இருக்கிறது. அந்த வாக்கியத்தை உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள்.

யாழினி தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து தேறி வீட்டுக்கு வந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். தாடைக்கு அடியில் ஒரு சின்னத் தழும்பு மட்டும் நின்றது.

அடுத்த அறுவடையின்போது ஒரு காலையில் பெரியப்பா என் அறைக்கு வந்தார். கூடவே யாழினி, வளர்ந்திருந்தாள். அவர் இடுப்பில் எதிர்வீட்டுப் பையன் ஒருவன். கன்னத்தில் மஞ்சள் பூச்சு, கழுத்தில் சங்கிலி. நான் எழுந்துவிட்டேன். அவர் முந்திக்கொண்டார்.

“பதறாதீங்க டாக்டரம்மா. இது நெசமாவே பொன்னுக்கு வீங்கிதான். காது மடல் தூக்கியிருக்கு, வாயி நாறல, எச்சி முழுங்கறான். செயினுக்குள்ள கை போகுது. எல்லாம் பாத்துட்டேன். இருந்தாலும் உங்ககிட்ட ஒரு வாட்டி காட்டிடுவோம்னு இவங்கம்மாகிட்ட சொல்லித் தூக்கிட்டு வந்தேன்.”

அம்மை பார்த்த பிள்ளையை, அந்த மனிதர், தானே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். என் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல், “உக்கார வைங்க, பாத்துடுவோம்” என்று சிடுசிடுத்தேன்.

பையன் நாற்காலியில் உட்கார்ந்தான். விளக்கையும் குறடுகளையும் பார்த்ததும் உதடு துடித்தது. யாழினி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவன் காதருகே போனாள்.

“பயப்படாதடா. இந்த டாக்டரம்மா படுன்னு சொல்லவே மாட்டாங்க. நீ உக்காந்துக்கிட்டே இருக்கலாம்.”

மிதியின்மேல் ஏற்கெனவே போய்விட்டிருந்த என் வலது காலை, அவள் பார்ப்பதற்குள் மெல்ல இழுத்துக்கொண்டேன்.